கொடுப்போரும் பெறுவோரும்: 'மொகலே ஆசம்' திரைப்படத்தில் அடிமைப்பெண்ணின் மன்னிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கே. ஆசிப் இயக்கத்தில் 1960ஆம் ஆண்டு வெளிவந்த 'மொகலே ஆசம்' என்னும் உருது–இந்தித் திரைப்படம், பேரரசரின் மகனுக்கும் அரண்மனை அடிமைப்பெண்ணுக்கும் இடையே தோன்றிய காதலைப் பொருளாகக் கொண்டது. காதலுக்கும் அரசுக்கும் இடையிலான போராட்டம் என்ற அளவிலேயே இப்படம் பெரும்பாலும் விளக்கப்பட்டு வருகிறது. இக்கட்டுரை, படத்தில் பொருள்களும் பெயர்களும் வாக்குறுதிகளும் யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்கின்றன என்பதைப் பின்தொடர்கிறது. கொடுக்கும் உரிமை மேல்நிலையினர்க்கே உரியது என்னும் ஏற்பாட்டின் வழியாகவே இப்படத்தில் வர்க்க எல்லை செயற்படுகிறது. அனார்கலி பேரரசரை மன்னிக்கும் காட்சி ஒன்றே அவ்வெல்லை மீறப்படும் இடம். கருணை மிக்கதாகக் கருதப்படும் இறுதிக் காட்சி அம்மன்னிப்பின் பொருளை மாற்றிவிடுகிறது. இவை இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள். இரத்தற் சொற்கள் பற்றியும் அடியோர் காதல் பற்றியும் தொல்காப்பியம் கூறும் விதிகள் இவ்வாசிப்புக்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மொகலே ஆசம், அனார்கலி, அடியோர், கொடை, மன்னிப்பு, வர்க்க எல்லை, தொல்காப்பியம்

முன்னுரை

'மொகலே ஆசம்' 1960 ஆகஸ்ட் 5 அன்று பம்பாய் மராத்தா மந்திர் திரையரங்கில் வெளியிடப்பட்டது. 1940களின் நடுப்பகுதியில் வேறு நடிகர்களுடன் தொடங்கப்பட்ட இப்படம், நாட்டுப் பிரிவினையின்போது அதன் முதலீட்டாளர் பாகிஸ்தான் சென்றுவிட்டதாலும், அக்பராக நடித்து வந்த சந்திரமோகன் 1949இல் மறைந்ததாலும் நின்றுபோயிற்று. பின்னர் ஷாபூர்ஜி பல்லோன்ஜியின் முதலீட்டில் மீண்டும் தொடங்கப்பெற்று நிறைவடைந்தது. அக்பராகப் பிருதிவிராஜ் கபூரும், சலீமாகத் திலீப் குமாரும், அனார்கலியாக மதுபாலாவும், அரசி ஜோதாவாகத் துர்கா கோட்டேயும் நடித்தனர். இசை நௌஷாத். உரையாடலை அமானுல்லா கான், வஜாகத் மிர்சா, கமால் அம்ரோகி, எஹ்சான் ரிஸ்வி ஆகிய நால்வர் எழுதினர். தமிழ்நாட்டுக்கும் இப்படம் புதிதன்று. இதன் தமிழ் வடிவம் 'அக்பர்' என்ற பெயரில் 1961இல் வெளியாகி, வணிக வெற்றி பெறாமற்போனது. அதற்கு முன்பே, 1955இல், இதே கதை அஞ்சலிதேவி நடிப்பில் தெலுங்கிலும் தமிழிலும் திரைக்கு வந்திருந்தது.

இப்படத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதன் அரங்க அமைப்பு, செலவு, தயாரிப்புக்கு ஆன ஆண்டுகள் ஆகியவற்றிலேயே தோய்ந்துவிடுகின்றன. கதைப்பொருளைப் பேச முற்படுவோர், தந்தையின் கடமைக்கும் மகனின் காதலுக்கும் இடையிலான மோதல் என்று அதனைச் சுருக்கிவிடுகின்றனர். அவ்விளக்கத்தில் போரிடுவோர் இருவரும் அரச குடும்பத்தினரே. அனார்கலி அவர்கள் பொருதும் களமாக மட்டுமே எஞ்சுகிறாள். தடைசெய்யப்பட்ட காதலைப் பற்றிய படமொன்றை வாசிக்கும்போது, அத்தடை யார் உடலின்மீது எழுப்பப்படுகிறதோ அவரிடமிருந்து தொடங்குவதே முறை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

'வர்க்கம்' என்னும் சொல் இங்குப் பொருளியல் வகைப்பாட்டை மட்டும் குறிக்கவில்லை. ஆளப்படும் உடல், ஆளும் உடல் என்ற நிலை வேறுபாட்டையே அது முதன்மையாகச் சுட்டுகிறது. படம் அனார்கலியைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்கள் 'கனீஸ்', 'லௌண்டி' என்பன; இரண்டும் அடிமைப்பெண்ணைக் குறிப்பவை. 'பணிப்பெண்' என்னும் தமிழ்ச்சொல் இவற்றின் கடுமையை மென்மையாக்கிவிடுவதால் இக்கட்டுரையில் 'அடிமைப்பெண்' என்பதே ஆளப்படுகிறது.

அரசியிலிருந்து அடிமைப்பெண்ணாக

அனார்கலி கதைக்கு அக்பர் காலத்து அரசவை வரலாற்று நூல்களில் சான்று இல்லை. ஜஹாங்கீர் எழுதிய நினைவுக்குறிப்பிலும் அப்பெயர் இடம்பெறவில்லை. சலீம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தது உண்மை; 1600ஆம் ஆண்டு முதல் அலகாபாத்தில் தனியரசனைப்போல் அவன் நடந்துகொண்டதும், 1602இல் அபுல் பசல் கொல்லப்பட அவனே காரணமாயிருந்ததும் வரலாறு. ஆனால் அக்கிளர்ச்சி அரியணை பற்றியது. அப்போது அவன் முப்பது வயதைக் கடந்தவன். மனைவியரும் மக்களும் உடையவன். திரையில் நாம் காணும் இளங்காதலனுக்கும் அவனுக்கும் தொலைவு மிகுதி.

கதையின் தொடக்க வடிவம் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சார்ந்த வில்லியம் பிஞ்ச் என்பவரின் பயணக் குறிப்பில் கிடைக்கிறது. 1608 முதல் 1611 வரை இந்தியாவில் பயணம் செய்த அவர், லாகூரில் தாம் கண்ட கல்லறை ஒன்றைப் பற்றி எழுதும்போது, அதிலுள்ளவள் அக்பரின் மனைவியருள் ஒருத்தி என்றும், சலீமுடன் அவளுக்குத் தொடர்பிருந்ததாகக் கூறப்படுகிறது என்றும், அதையறிந்த அரசர் அவளை உயிருடன் சுவருக்குள் அடைத்தார் என்றும் குறிக்கிறார். அவள் பெயரின் பொருளை மாதுளை விதை என்று தருகிறார். இன்றும் நிற்கும் அக்கல்லறைக் கட்டடம் பஞ்சாப் மாகாண ஆவணக் காப்பகமாக உள்ளது.

பிஞ்ச் கேட்ட கதையில் அவள் அடிமைப்பெண் அல்லள் என்பது இங்குக் கருதத்தக்கது. அவள் அரசரின் மனைவி. அக்கதையின் குற்றம் தந்தையின் மனைவியை மகன் விரும்பியது. அதில் வர்க்க எல்லைக்கு இடமே இல்லை. சையது முகம்மது லத்தீப் 1892இல் வெளியிட்ட லாகூர் நகர வரலாற்றில் அவள் அக்பரின் அந்தப்புரத்து விருப்பத்திற்குரியவளாகிறாள். கண்ணாடி பதித்த அறையில் அமர்ந்திருந்த பேரரசர், சலீமை நோக்கி அவள் புன்னகைத்ததைக் கண்ணாடியில் கண்டுவிடுகிறார். இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய 'அனார்கலி' நாடகத்தில்தான், அரசகுமாரனுக்கும் அரண்மனை அடிமைப்பெண்ணுக்கும் இடையிலான காதல் என்ற வடிவம் இலக்கிய நிலையில் உறுதி பெறுகிறது. பின்வந்த திரைப்படங்கள் பெரும்பாலும் தாஜின் வழியையே பின்பற்றின.

ஆகவே முறையற்ற உறவு பற்றிய வாய்மொழிச் செய்தி, முந்நூறு ஆண்டுகளில் நிலை வேறுபாடு பற்றிய கதையாக மாறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு இக்கதையிடம் கேட்ட கேள்வி வேறு. சமநிலையற்ற இருவர் காதலிக்க முடியுமா என்பது அந்நூற்றாண்டின் கேள்வி; அதனைப் பழங்காலத்து ஆடையில் வைத்துக் கேட்பது எளிதாக இருந்தது.

அடியோர் காதலும் இளம்பூரணர் விளக்கமும்

இக்கேள்வி தமிழிலக்கண மரபுக்கும் உரியதே. களவில் தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டிய பத்துப் பண்புகளை வகுக்கும் மெய்ப்பாட்டியல், பிறப்பையும் குடிமையையும் முதலில் வைத்துத் திருவை இறுதியில் வைக்கிறது. அகத்திணையியலோ அடியோரையும் வினைவலரையும் கைக்கிளை, பெருந்திணை ஆகிய புறத்திணை எல்லைக்குள் அனுமதிக்கிறது. அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாக அவர்களை ஏற்கவில்லை. இதற்கு இளம்பூரணர் தரும் காரணம் கவனிக்கத்தக்கது. அகத்திணை ஒழுக்கம் அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் வழுவாது நடைபெற வேண்டும். பிறர்க்குக் குற்றேவல் செய்வோர்க்கு அவ்வாறு நடத்தல் அரிது என்பது அவர் விளக்கம்.

இதனை அடிமைக்குக் காதல் உணர்வு இல்லை என்ற கூற்றாகக் கொள்ள வேண்டியதில்லை. அடிமையின் காலமும் சொல்லும் உடலும் அவருடையன அல்ல என்ற உண்மையை இலக்கணம் தன் மொழியில் ஒப்புக்கொள்கிறது என்றே கொள்ளலாம். இளம்பூரணர் கூறும் அந்த அருமையே 'மொகலே ஆசம்' படத்தின் கதைப்பின்னலாக அமைகிறது. அனார்கலி காதலிப்பதை யாரும் ஐயுறவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அவள் காதலுக்கு இடையே ஓர் ஏவல் வந்து நிற்கிறது. தான் சலீமைக் காதலிக்கவில்லை என்று அவனிடமே கூறுமாறு ஆணையிடப்பட்டுச் சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறாள். இறுதியில் சலீமை மயக்கமுறச் செய்யும் பணியும் அவள் கையிலேயே ஒப்படைக்கப்படுகிறது. தலைவியாக நிற்க வேண்டிய இடங்களிலெல்லாம் அவள் வினைவலராக நிறுத்தப்படுகிறாள்.

பெயரும் முள்ளும்

படத்தின் தொடக்கத்திலேயே கொடை நிகழ்கிறது. மகப்பேறு வேண்டி வெறுங்காலுடன் சலீம் சிஷ்தியின் தர்காவுக்கு நடந்து செல்லும் அக்பருக்கு, பின்னர் மகன் பிறந்த செய்தியை ஓர் அடிமைப்பெண் கொண்டுவருகிறாள். மகிழ்ச்சியில் பேரரசர் தம் மோதிரத்தைக் கழற்றி அவளுக்கு அளித்து, அவள் கேட்பது எதுவாயினும் தருவதாக வாக்களிக்கிறார். அவள் அப்போது எதையும் கேட்கவில்லை. கேட்கப்படாத அந்த வேண்டுகோள் படம் முழுவதும் ஒரு கடனாக நிலுவையில் நிற்கிறது. அவளே அனார்கலியின் தாய்.

மகளுக்குக் கிடைக்கும் முதற் கொடை ஒரு பெயர். இளவரசனை வரவேற்கச் சிற்பி ஒருவர் ஒப்புக்கொண்ட சிலை நிறைவடையாத நிலையில், நாதிரா என்னும் பெண் சிலையாக நிற்க வைக்கப்படுகிறாள். சலீம் எய்யும் அம்பு அவள் முன் தொங்கும் மணித்திரையை அறுத்து வீழ்த்துகிறது. அம்பு வருவதைக் கண்டும் அவள் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்ற கேள்விக்கு, கட்டுக்கதை உண்மையாவதைக் காண விரும்பியதாக விடையளிக்கிறாள். வியந்த பேரரசர் அவளுக்கு அனார்கலி, அதாவது மாதுளை மொட்டு, என்ற பெயரைச் சூட்டி அரசியின் பணியில் அமர்த்துகிறார். அதன்பின் நாதிரா என்ற பெயர் அரண்மனை வழக்கிலிருந்து மறைகிறது. பெயரைப் பெறுதல் என்பது முன்னைய பெயரை இழத்தலுமாகும். தமிழ்நாட்டில் பண்ணைகளிலும் பெரிய வீடுகளிலும் வேலைக்கு வந்தவர்களுக்கு வீட்டார் தம் வசதிக்கேற்பப் பெயரிட்டழைத்த வழக்கத்தை அறிந்தவர்க்கு இது விளங்காததன்று.

இளவரசனும் கொடுப்பவனே. பகார் என்னும் மற்றோர் அரண்மனைப் பெண்ணுக்கும் அனார்கலிக்கும் இடையே நிகழும் கவ்வாலிப் போட்டியில் நடுவராக இருக்கும் சலீம், பகாருக்கு ரோசா மலரையும் அனார்கலிக்கு முட்களையும் பரிசாக வழங்குகிறான். முட்களுக்கு வாடிவிடும் அச்சமில்லை என்று கூறி அவள் ஏற்றுக்கொள்கிறாள். காதற்குறிப்பாக ரசிக்கப்படும் இக்காட்சியிலும் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை: அவன் கொடுக்கிறான், அவள் பெறுகிறாள். பெற்றதற்குப் பொருள் கற்பிக்கும் திறமை மட்டுமே அவளுக்குரியது. அவள் அதனை மிக நன்றாகச் செய்கிறாள் என்பது வேறு.

இவ்விடத்தில் சொல்லதிகார எச்சவியல் கூறும் விதியொன்று பெரிதும் துணை செய்கிறது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரத்தற் சொற்கள். 'ஈ' என்பது இழிந்தோன் கூற்று, 'தா' என்பது ஒப்போன் கூற்று, 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று என்று தொல்காப்பியம் வகுக்கிறது. இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது. ஆயினும் விதியின் உட்பொருள் நுட்பமானது. கேட்கப்படும் பொருள் எதுவாயினும், கேட்போர்க்கும் கொடுப்போர்க்கும் இடையிலுள்ள நிலை வேறுபாடு கேட்கும் சொல்லிலேயே பதிந்துவிடுகிறது. உயர்ந்தோரும் கேட்கின்றனர், ஆனால் அவர் கேட்பது ஏவலாகவே ஒலிக்கும். அனார்கலியிடம் பேரரசர் கேட்பவை அனைத்தும் 'கொடு' என்ற நிலையின. அவளும் அவள் தாயும் கேட்பவை அனைத்தும் 'ஈ' என்ற நிலையின. ஒப்போர்க்குரிய 'தா' சலீமுக்கும் அவளுக்கும் இடையே பிறந்திருக்க வேண்டிய சொல். அது பிறப்பதற்குரிய இடத்தையே அரண்மனை இல்லாமற் செய்துவிடுகிறது. சலீமுக்கும் அவன் பெற்றோருக்கும் இடையே நிகழும் வாக்குவாதத்தில், ஓர் அடிமைப்பெண் அரசியாகி ஆள்வதற்கு இந்துஸ்தானம் அவனது இதயம் அன்று எனக் கூறப்படுகிறது. தன் இதயமும் பிறர் ஆட்சி செலுத்துவதற்குரிய இந்துஸ்தானம் அன்று என்கிறான் அவன். விடை கூர்மையானதுதான். ஆனால் அடிமைப்பெண் என்ற சொல்லை அவன் மறுக்கவில்லை. தன் இதயத்தின் மீதான தன் உரிமையை மட்டுமே நிலைநாட்டுகிறான்.

கண்ணாடி மாளிகை

படம் கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. கண்ணாடி மாளிகை நடனமும் இறுதிப் பகுதியும் மட்டும் வண்ணத்தில் அமைந்தன. (2004இல் வெளியிடப்பட்ட முழுவண்ண வடிவத்தில் இவ்வேறுபாடு அழிந்துவிட்டது, ஆய்வாளர்கள் பழைய வடிவத்தையே காண்பது நலம்.) சலீமைக் காதலிக்கவில்லை என்று கூறுவதற்காகச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட அனார்கலி, பேரரசர் முன் ஆடும்போது, காதலித்தது குற்றமன்று, மறைக்க வேண்டியதுமன்று என்ற கருத்துடைய பாடலைப் பாடுகிறாள். லத்தீப் பதிவுசெய்த கதையில் கண்ணாடி பேரரசரின் கண். அவள் புன்னகையை அது காட்டிக்கொடுக்கிறது. படத்தில் அதே கண்ணாடி அவள் பக்கம் சேர்ந்துகொள்கிறது. கூரையெங்கும் பதிக்கப்பட்ட சில்லுகளில் அவள் உருவம் பலவாகப் பெருகுகிறது. பேரரசர் எங்கு நோக்கினும் அவளே தெரிகிறாள். பழைய கதையின் ஒற்றுக் கருவியை அதன் உரிமையாளருக்கு எதிராகவே திருப்பியிருப்பது படத்தை எழுதியவர்கள் கதை மரபை நன்கு கற்றிருந்ததைக் காட்டுகிறது.

ஆட்டத்தின் இடையே சலீமின் இடையிலிருந்த குறுவாளை எடுத்து அவள் பேரரசர் முன் நீட்டுகிறாள். அடிமைப்பெண் பேரரசருக்கு ஒன்றைக் கொடுக்க முற்படும் முதல் இடம் இது. அவள் கொடுப்பது அவளையே கொல்வதற்கான கருவி. அதுவும் அவளுடையதன்று, இளவரசனுடையது. தனக்கென ஒன்றுமில்லாதவள் கொடுக்க முயலும்போது கடன்பெற்றுத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

குருதிக்கு மன்னிப்பு

தந்தைக்கும் மகனுக்கும் போர் மூள்கிறது, சலீம் தோற்கிறான். அனார்கலியை ஒப்படைத்தால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையில் அவன் மறுத்து, பீரங்கி முன் நிறுத்தப்படுகிறான். அவன் உயிரைக் காக்க அவள் தன்னை ஒப்படைக்கிறாள். உயிருடன் சுவருக்குள் அடைக்கப்பட வேண்டும் என்பது தீர்ப்பு. இறுதி விருப்பம் யாது என்று கேட்கப்படும்போது, ஓரிரவு தான் அரசியாக வேண்டும் என்கிறாள். இன்னும் அரசியாகும் பேராசை தீரவில்லையா என்ற ஏளனத்துக்கு, அது தன் ஆசையன்று, இளவரசர் தந்த வாக்கு, வருங்காலப் பேரரசர் வாக்குத் தவறியவர் என்ற பழிக்கு ஆளாகக் கூடாது என்று விளக்குகிறாள். பேரரசர் தம் கையாலேயே முடியை அவளுக்குச் சூட்டுகிறார். விடிவதற்குள் மயக்கமூட்டும் மலரால் சலீமை நினைவிழக்கச் செய்ய வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை.

முடி சூட்டப்பெற்ற நிலையில் அவள் கூறும் ஒரு வாக்கியத்தைச் சுற்றியே இக்கட்டுரை அமைந்துள்ளது. பேரரசரின் கணக்கற்ற கொடைகளுக்கு ஈடாக, ஜலாலுத்தீன் முகம்மது அக்பருக்குத் தன் குருதியை இந்த அடிமைப்பெண் மன்னிக்கிறாள் என்பது அதன் சாரம். உருது அறிந்த நண்பர் ஒருவரின் உதவியுடன் இவ்வாக்கியத்தைப் பலமுறை கேட்டபோது மூன்று செய்திகள் புலப்பட்டன.

முதலாவது, கொடையைக் குறிக்க அவள் ஆளும் 'பக்‌ஷிஷ்' என்னும் சொல். இதன் வினையடி உருதுவில் கொடுத்தலையும் மன்னித்தலையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இச்சொல் 'பக்சீஸ்' என வந்து, சில்லறைக் கையளிப்பு என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. அதன் உறவுச்சொல்லான மன்னிப்பு நம்மிடம் வந்து சேரவில்லை. தமிழில் கொடையும் பொறையும் தனித்தனிச் சொற்கள். இரண்டையும் ஓரளவு தழுவுவது 'அருளுதல்' என்பதே. அதுவும் மேலிருந்து கீழ்நோக்கியே செல்வது. கொடுப்பவரே மன்னிக்கவும் வல்லவர் என்ற உருதுச் சொல்லின் பொருளமைதியை அவள் தலைகீழாகத் திருப்புகிறாள். பேரரசர் கொடுத்தார், அதற்கு ஈடாக மன்னிப்பவள் தான் என்கிறாள். பெறுபவள் என்ற நிலையிலிருந்து ஈடு செய்பவள் என்ற நிலைக்கு அவள் நகரும்போது கணக்கு நேராகிவிடுகிறது. நேரான கணக்கில் உயர்ந்தோனும் இல்லை, இழிந்தோனும் இல்லை.

இரண்டாவது, பெயர். கொடையைப் பற்றிக் கூறும்போது 'ஷாஹன்ஷா' என்று விருதுப்பெயரால் குறிப்பவள், மன்னிப்பைக் கூறும்போது அவரது இயற்பெயருக்கு மாறுகிறாள். மன்னிக்கப்படுபவர் பேரரசர் அல்லர், அப்பெயருடைய மனிதர். அவளுக்குப் பெயரிட்டவரை இப்போது அவள் பெயரிட்டழைக்கிறாள். தன்னை அவள் இன்னும் கனீஸ் என்றே குறிக்கிறாள் என்பதும் மறக்கத்தக்கதன்று. முடி தலையிலிருக்கும் வேளையிலும் அரசியாக அவள் மன்னிக்கவில்லை, அடிமைப்பெண்ணாகவே மன்னிக்கிறாள்.

மூன்றாவது, சட்டம். இதனை வெறும் அரசவை நயவுரை என்றோ கசப்பான எள்ளல் என்றோ கொள்வாருண்டு. மதுபாலாவின் குரலில் கசப்பு இல்லாமலில்லை. ஆனால் குருதியை மன்னித்தல் என்பது இசுலாமிய நீதிமுறையில் திட்டமான பொருளுடையது. கொலைக்கு ஈடாகத் தண்டனை கோரும் கிசாஸ் என்னும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு உரியது. அவர்கள் அதனை விட்டுக்கொடுத்து மன்னிக்கவும் செய்யலாம். இறக்கும் முன் கொல்லப்படுபவரே மன்னிப்பதையும் ஹனஃபி நீதிமரபு ஏற்கிறது. நீதிமன்றத் தீர்ப்பின்படி நிறைவேறும் மரணத்துக்கு இத்தகைய மன்னிப்பு தேவையில்லை, தீர்ப்பு கொலையன்று. ஆகவே மன்னிக்கிறேன் என்று கூறும்போதே அவள் அத்தீர்ப்பைக் கொலை என்று வகைப்படுத்திவிடுகிறாள். மாபெரும் துலாக்கோலைத் தம் நீதியின் அடையாளமாக அவையில் நிறுத்தியிருக்கும் பேரரசர், அவளது ஒரு வாக்கியத்தால் குற்றம்சாட்டப்பட்டவராகிறார். அதே வாக்கியத்தால் விடுவிக்கவும்படுகிறார். குற்றச்சாட்டும் விடுதலையும் அடிமைப்பெண்ணின் அதிகாரத்திலிருந்து வருகின்றன. சலீமின் படைகளால் மீற முடியாத எல்லை இங்கு மீறப்படுகிறது.

இவ்வாக்கியத்தைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இங்குத் தெளிவாகிறது. 'பொறுத்தேன்' என்றால் சிறியோரைப் பெரியோர் பொறுக்கும் தொனி வந்துவிடும்; 'மன்னித்தேன்' என்பது இன்றைய வழக்கில் இலேசாகிவிட்டது; 'அருளினேன்' என்பது அவளைத் தெய்வமாக்கிவிடும். கணக்குத் தீர்த்தல் என்ற பொருளும் கொலைப்பழி என்ற பொருளும் ஒருங்கே ஒலிக்க வேண்டுமாயின், 'என் குருதிப்பழியை உம்மேல் வைக்காது விடுக்கிறேன்' என்பதுபோல் விரித்தே கூற வேண்டியிருக்கும்.

மோதிரம்

தாஜின் நாடகத்தில் அனார்கலி சுவருக்குள் மாள்கிறாள். படம் இங்கு விலகுகிறது. அவளுடைய தாய், மகன் பிறந்த செய்திக்குப் பரிசாகப் பெற்ற மோதிரத்தைக் காட்டி, நிலுவையிலிருந்த வாக்கைக் கேட்கிறாள். சுவர் எழுப்பப்பட்ட பின், அடியிலிருக்கும் சுரங்கவழியே தாயும் மகளும் வெளியேற பேரரசர் அனுமதிக்கிறார். அவள் உயிருடன் இருப்பதைச் சலீம் ஒருபோதும் அறியக் கூடாது என்பது நிபந்தனை.

பார்வையாளர்க்கு ஆறுதல் தரும் இம்முடிவை, கொடையின் திசை என்னும் நோக்கில் காணும்போது வேறொன்று தெரிகிறது. கிசாஸ் முறைப்படி மகளின் குருதிக்கு உரிமை கோரத்தக்க வாரிசு தாயே. அந்த உரிமையுடையவள் அதனைக் கோரவில்லை. ஒருகாலத்தில் பேரரசர் அளித்த வாக்கை, அவர் தந்த மோதிரத்தைக் கொண்டு, 'ஈ' என்ற நிலையிலேயே நின்று இரக்கிறாள். மகள் உயிர் பிழைப்பது அவள் காதல் நேரியது என்பதனாலன்று. தீர்ப்புத் தவறு என்பதனாலுமன்று. இருபதாண்டுகளுக்கும் முன் அரண்மனைக்கு நற்செய்தி கொண்டுவந்த சேவைக்கான கூலி இப்போது தரப்படுகிறது. கொடை மீண்டும் மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்கிறது. அத்துடன், கொலை நிகழாமற்போகவே, முதல் நாளிரவு அனார்கலி வழங்கிய மன்னிப்பும் பொருளற்றதாகிவிடுகிறது. சிந்தப்படாத குருதிக்கு மன்னிப்பு எதற்கு? தன் வாழ்நாளில் அவள் கொடுத்த ஒரே கொடை, அவளுக்கு உயிர்க்கொடை அளிக்கப்பட்ட அக்கணத்தில் செல்லாததாகிறது. 1960இல் இந்தியத் திரையரங்கில் ஒரு பேரரசரைக் கொலையாளியாக விட்டுவிட்டு வெளியேறுவது எளிதாக இருந்திராது. அதிலும் இந்துஸ்தானமே குரலெடுத்துக் கதைசொல்லும் படத்தில், அந்நாட்டை நேசித்தவராகப் போற்றப்படும் அக்பரை அவ்வாறு விடுவதற்கில்லை என்பதும் விளங்கிக்கொள்ளத்தக்கதே.

ஆயினும் படத்தை எழுதியவர்கள் இதனை உணராதவர்கள் அல்லர் என்பதற்குச் சுரங்கக் காட்சியிலேயே சான்று உண்டு. பேரரசர் அனார்கலியை நோக்கி, தாம் காதலின் எதிரியல்லர் என்றும் தம் கொள்கைகளுக்கு அடிமை என்றும் கூறுகிறார். ஓர் அடிமையின் இயலாமையை எண்ணிப்பார்த்தால் ஒருவேளை அவளால் தம்மை மன்னிக்க இயலும் என்கிறார். 'குலாம்' என்னும் அடிமைச் சொல்லை அவர் தமக்கே சூட்டிக்கொள்கிறார். அடிமைப்பெண்ணிடம் மிஞ்சியிருந்த அந்தச் சொல்லையும் பேரரசர் எடுத்துக்கொண்டார் என்று இதனை வாசிக்கலாம். முதன்முறையாக அவர் 'ஈ' என்று கேட்கிறார் என்றும் வாசிக்கலாம். இவ்விரண்டினுள் பின்னதன் பக்கமே இக்கட்டுரையாளர் சாய்கிறார். முன்பு கேளாமலே வழங்கப்பட்ட மன்னிப்பை ஏற்றதாக அவர் ஒரு சொல்லும் கூறியதில்லை. அது செல்லாததாகிய பின்னரே அதன் தேவையை உணர்ந்து கேட்கிறார்.

அக்காட்சியில் பேசுவோர் பேரரசரும் தாயுமே. முதற்காட்சியில் அம்பின்முன் அசையாது நின்றவளைப் போலவே அனார்கலி இங்கும் சிலையாக நிற்கிறாள். முதற்காட்சியில் அவளிடம் ஒரு விடை இருந்தது. பேரரசர் கேட்ட மன்னிப்புக்கு விடை கூறாமல், தாய் கைபற்றி நடத்த, அவள் சுரங்கத்தின் இருளுக்குள் செல்கிறாள்.